கம்பெனி ஆயிலா, வெளி ஆயிலா? கார் காட்டும் அறிகுறியை வைத்து முடிவெடுப்பது

காரில் புதிதாக ஒரு சத்தமோ நடுக்கமோ வந்தால், பழி முதலில் விழுவது உள்ளே ஊற்றியிருக்கும் ஆயில் மேல்தான். “வெளி ஆயில் போட்டீங்களா, அதான் இப்படி” என்பார் ஒருவர். “கம்பெனி டப்பாவில் இருப்பதும் அதே ஆயில்தான், பேருக்குத்தான் காசு” என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சில இடங்களில் சரி, சில இடங்களில் ஆபத்து. எந்த இடத்தில் எது என்பதை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு அடிப்படை. கார் கம்பெனிகள் பொதுவாகத் தாங்களே ஆயில் தயாரிப்பதில்லை. ஒரு ஆயில் நிறுவனத்திடம் தங்கள் தேவையைச் சொல்லித் தயாரித்து வாங்கி, தங்கள் பெயரில் விற்கின்றன. ஆகவே டப்பாவின் மேல் யார் பெயர் இருக்கிறது என்பதைவிட, அந்தத் தேவை எல்லோரும் பார்க்கும்படி வெளியே எழுதப்பட்டிருக்கிறதா என்பதே முக்கியம். பிரேக் ஆயிலுக்கு டாட் 4 என்று ஒரு தரம் இருக்கிறது. எத்தனை டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் தயாரித்து, சோதித்துக் காட்டலாம். இப்படித் தேர்வுத்தாள் வெளியே இருக்கும் இடங்களில் வெளி ஆயிலை நான் தயங்காமல் வாங்குவேன்.

டொயோட்டா டபிள்யூஎஸ், நிசான் என்எஸ்-3, ஹோண்டா எச்சிஎஃப்-2 போன்ற கியர்பாக்ஸ் ஆயில்களில் நிலைமை வேறு. அங்கே கம்பெனி ஒரு பெயரை மட்டும் சொல்கிறது. வெளி டப்பாவில் ‘டபிள்யூஎஸ் கேட்கும் கார்களுக்கு ஏற்றது’ என்று அச்சிட்டிருந்தால், அது அந்த ஆயில் நிறுவனம் தானாகக் கொடுக்கும் வாக்கு. நல்ல நிறுவனமாக இருந்தால் நல்ல வாக்காகவும் இருக்கலாம். ஆனால் கார் கம்பெனி அதற்குப் பொறுப்பேற்காது.

எதையும் மாற்றுவதற்கு முன்

தேதியைப் பாருங்கள். கோளாறு எப்போது தொடங்கியது, ஆயில் எப்போது மாறியது? ஆயில் மாற்றிய நூறு கிலோமீட்டருக்குள் தொடங்கியிருந்தால் ஆயிலைச் சந்தேகிக்கலாம். மாற்றி எட்டு மாதம் நன்றாக ஓடிய பிறகு தொடங்கியிருந்தால், டப்பா மேல் இருக்கும் பெயருக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. அப்போது அளவு, வயது, லீக் இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து அளவு. காரைச் சமதளத்தில் நிறுத்தி, இஞ்சினை அணைத்துச் சில நிமிடம் விட்டு டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். ‘தப்பான ஆயில்’ என்று சொல்லப்படும் கோளாறுகளில் ஒரு பங்கு, அளவு குறைந்ததால் வந்தவை. ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் வைத்து நிறத்தையும் மணத்தையும் கவனியுங்கள். டீசல் இஞ்சின் ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பால் கலந்த தேநீர் போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அங்கே ஆயில் எந்தக் கம்பெனி என்று விவாதிப்பதில் பொருளில்லை.

மூன்றாவது, டப்பாவின் பின்பக்கம். முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் ஆயில். ‘அப்ரூவ்ட்’ அல்லது ‘அப்ரூவல்’ என்று இருந்தால், கார் கம்பெனி அந்த ஆயிலைப் பார்த்து ஒப்புக்கொண்டிருக்கிறது என்று பொருள். ‘மீட்ஸ்’, ‘சூட்டபிள் ஃபார்’, ‘ரெக்கமண்டட் ஃபார்’ என்பவை ஆயில் நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்பவை. மெர்சிடிஸ் 229.51, ஃபோக்ஸ்வாகன் 507.00, ஜிஎம் டெக்ஸோஸ் போன்ற எண்களையும் பெயர்களையும் ‘அப்ரூவல்’ என்ற சொல்லோடு சேர்த்துப் பார்த்தால்தான் மதிப்பு. மெர்சிடிஸும், இஞ்சின் ஆயிலுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்காவின் ஏபிஐ அமைப்பும் தாங்கள் ஒப்புதல் அளித்த ஆயில்களின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கின்றன. சந்தேகம் இருந்தால் ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகட சத்தம், பிறகு அடங்கிவிடுகிறது

இரண்டு மூன்று நொடி கேட்டு நின்றால், ஆயிலுக்கு முன் ஆயில் ஃபில்ட்டரைப் பாருங்கள். இஞ்சின் அணைந்த பிறகு ஃபில்ட்டரில் இருக்கும் ஆயில் கீழே வடிந்துவிடாமல் தடுக்க உள்ளே ஒரு ரப்பர் வால்வு உண்டு. மலிவான ஃபில்ட்டர்களில் அந்த ரப்பர் சீக்கிரம் விறைத்துப்போகும். இரவெல்லாம் ஆயில் வடிந்து, காலையில் மேலே போய்ச் சேரும் வரை இஞ்சின் வறண்டு ஓடுகிறது. பழி ஆயிலுக்கு, குற்றம் ஃபில்ட்டருடையது. என்னைக் கேட்டால், வெளி ஆயில் போடுபவர்கள்கூட ஃபில்ட்டரில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சத்தம் அரை நிமிடம் வரை நீடித்தால் ஆயிலின் தடிமனைப் பாருங்கள். 5டபிள்யூ-30 என்பதில் முன்னால் இருக்கும் எண் குளிரில் அது எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னால் இருக்கும் எண் 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு தடிமனாக இருக்கும் என்பதையும் சொல்கிறது. கையேடு 0டபிள்யூ-20 என்று சொல்லும் இஞ்சினில் ‘தடிமனாக இருந்தால் நல்லது’ என்று 15டபிள்யூ-40 ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். இப்போதைய இஞ்சின்களில் வால்வு நேரத்தை மாற்றும் பாகமும், டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயிலின் அழுத்தத்தால்தான் இயங்குகின்றன. நுண்ணிய துவாரங்களில் தடித்த ஆயில் தாமதமாகத்தான் போய்ச் சேரும். இங்கே தீர்வு எளிது: கையேடு சொல்லும் எண்ணுக்குத் திரும்புங்கள். அது கம்பெனி டப்பாவா, வெளி டப்பாவா என்பது இரண்டாம்பட்சம்.

டர்போ பெட்ரோல் கார், குறைந்த சுற்றில் அழுத்தி மிதித்தால் ‘டங்’ என்று ஒரு அடி

இதை அலட்சியம் செய்யாதீர்கள். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் சிறிய டர்போ இஞ்சின்களில், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஒரு கோளாறு உண்டு. மேல் கியரில், ஏற்றத்தில், இஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று அளவில் ஓட அழுத்தி மிதிக்கும்போது வரும். ஒரே ஒரு பலத்த அடியில் பிஸ்டன் விரிசல் விட்ட இஞ்சின்கள் உண்டு.

இதில் ஆயிலுக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. அழுக்கைக் கழுவ ஆயிலில் சேர்க்கும் கால்சியம் சேர்மங்கள் இந்த முன்பற்றலைத் தூண்டுகின்றன என்று ஆய்வில் தெரிந்ததும், பல ஆயில்களில் அதில் ஒரு பகுதியை மெக்னீசியத்துக்கு மாற்றினார்கள். 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ் என்ற தரம் இதற்காகவே வந்தது. 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி தரத்தில் இந்தச் சோதனையோடு டைமிங் செயின் தேய்மானச் சோதனையும் சேர்ந்தது. ஆகவே உங்கள் காரில் இந்த அடி கேட்டால், இப்போது உள்ளே இருப்பது எஸ்பியா, அல்லது அதற்கும் புதியதா என்று பாருங்கள். வெறும் எஸ்என் அல்லது அதற்கும் பழையது என்றால் மாற்றிவிடுங்கள். கம்பெனி பெயர் போட்ட பழைய இருப்பு டப்பாவைவிட, எஸ்பி முத்திரை உள்ள வெளி டப்பா இங்கே மேல். மாற்றிய பிறகும் அடி கேட்டால் பெட்ரோலின் ஆக்டேன், ஸ்பார்க் பிளக், கார்பன் படிவு என்று அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். அதுவரை மேல் கியரில் திணற விடாமல் ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள்.

இரண்டு சர்வீசுக்கு நடுவே ஆயில் குறைகிறது

முதலில் தரையைப் பாருங்கள், பிறகு புகையை. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது: பிஸ்டன் ரிங், வால்வு சீல் அல்லது டர்போ. இதை எந்த ஆயிலும் குணப்படுத்தாது. லீக்கும் இல்லை, புகையும் இல்லை, ஆனாலும் குறைகிறது என்றால் ஆயில் ஆவியாவதும் ஒரு காரணமாக இருக்கலாம். இதற்கு நோவாக் என்ற சோதனை உண்டு. ஆயிலை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, எத்தனை சதவீதம் ஆவியானது என்று பார்ப்பார்கள். பெட்ரோல் கார்களுக்கான ஐஎல்எஸ்ஏசி ஜிஎஃப்-6 தரத்தில் 15 சதவீதம் வரை அனுமதி. ஐரோப்பாவின் ஏசிஇஏ சி3 தரத்தில் 13 சதவீதம்தான். ஆயில் நிறுவனங்கள் வெளியிடும் தரவுத்தாளில் பல நேரம் இந்த எண் இருக்கும். அதே தடிமனில் இந்த எண் குறைவாக உள்ள ஆயிலுக்கு மாறிப் பாருங்கள். வெளி ஆயில்கள் கம்பெனி ஆயிலை மிஞ்சக்கூடிய இடம் இது.

டீசல் கார்: டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிறது, ஆயில் அளவு கூடிக்கொண்டே போகிறது

அளவு குறைந்தால் கவலைப்படும் நாம், கூடினால் நல்லது என்று நினைத்துவிடுகிறோம். டீசல் காரில் அது கெட்ட செய்தி. புகைக்குழாயில் இருக்கும் டிபிஎஃப் ஃபில்ட்டரில் சேரும் கரியை எரிக்க இஞ்சின் கொஞ்சம் கூடுதல் டீசலைப் பீய்ச்சும். எரித்து முடிப்பதற்குள் நீங்கள் வண்டியை அணைத்துவிட்டால் வேலை பாதியில் நிற்கும். அந்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். தினமும் ஐந்து கிலோமீட்டர் மட்டும் ஓடும் கார்களில் இது சாதாரணம். டிப் ஸ்டிக்கை முகர்ந்தால் டீசல் வாடை தெரியும். இப்படி நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் உடனே மாற்றுங்கள். வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள்.

ஆயில் தேர்வு இதில் எங்கே வருகிறது? கரி எரியும், சாம்பல் எரியாது. ஆயிலில் இருக்கும் உலோகச் சேர்மங்கள்தான் அந்தச் சாம்பல். ஏசிஇஏ சி3 ஆயிலில் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சி4 வகையில் 0.5 தான் எல்லை. டிபிஎஃப் இல்லாத கார்களுக்கான ஏ3/பி4 வகையில் இதைவிட அதிகம் இருக்கும். அது மட்டமான ஆயில் அல்ல, அருமையான ஆயில்தான். ஆனால் டிபிஎஃப் உள்ள காரில் ஊற்றினால் ஒவ்வொரு ஆயிரம் கிலோமீட்டரும் அந்த ஃபில்ட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கும். சேர்ந்த சாம்பலை வண்டி ஓட்டி எரிக்க முடியாது. கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் மாற்ற வேண்டும். கையேட்டில் எந்த ‘சி’ எண் இருக்கிறது, எந்தக் கம்பெனி எண் இருக்கிறது என்று பார்த்து, அதே அங்கீகாரம் உள்ள எந்த டப்பாவையும் வாங்கலாம்.

ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் மட்டும் யோசிக்க எதுவும் இல்லை. ஓரம் கட்டி இஞ்சினை அணையுங்கள். அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் எரிந்தால் இழுத்துக்கொண்டு போங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

ஆட்டோமேட்டிக் கார்: சீரான வேகத்தில் ஒரு நடுக்கம்

50 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில், லேசாக மிதித்துச் சீராகப் போகும்போது, வரிவரியான சாலையில் ஓடுவது போல இரண்டு மூன்று நொடி உதறல். இன்னும் கொஞ்சம் மிதித்தாலோ காலை எடுத்தாலோ நின்றுவிடும். இஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் வழுக்கி வழுக்கிப் பிடிப்பதால் வரும் உதறல் இது. ஸ்பார்க் பிளக், காயில் கோளாறும் ஏறக்குறைய இப்படியே இருக்கும். பிரித்தறிய ஒரு வழி: காலியான, பாதுகாப்பான சாலையில், உதறல் வரும்போது பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பெடலைத் தொடுங்கள். பெரும்பாலான கார்களில் உடனே லாக்-அப் விடுபடும். உதறல் அப்போதே நின்றால் கியர்பாக்ஸ் பக்கம் பாருங்கள். நிற்காமல் தொடர்ந்தால் இஞ்சின் பக்கம்.

கியர்பாக்ஸ் பக்கம் என்று முடிவானால், ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) கடைசியாக எப்போது மாறியது என்று கேளுங்கள். மாறவே இல்லை என்றால் அதுவே பதில். ‘வாழ்நாள் ஆயில், மாற்றவே வேண்டாம்’ என்று கார் கம்பெனிகள் சொல்வதை நான் ஏற்பதில்லை. பல கார் கம்பெனிகளுக்கு கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்எஃப் நிறுவனமே, தன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. கிளட்ச் எவ்வளவு வழுக்க வேண்டும், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை ஆயிலில் இருக்கும் உராய்வுச் சேர்மங்கள் தீர்மானிக்கின்றன. அவை காலப்போக்கில் தீர்ந்துபோகும்.

அண்மையில் மாற்றிய பிறகுதான் உதறல் வந்தது என்றால், என்ன ஊற்றினார்கள் என்ற கேள்வி வருகிறது. ‘எல்லா வண்டிக்கும் ஒரே ஏடிஎஃப்’ என்று விற்கும் டப்பாக்களை இங்கேதான் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். ஒரு கம்பெனி அதிகப் பிடிப்பு கேட்கிறது, இன்னொன்று மென்மையான வழுக்கல் கேட்கிறது. ஒரே கலவை இரண்டையும் முழுமையாகத் தர முடியாது. தடிமனும் வேறுபடும்: ஜிஎம் கம்பெனியின் ஏடிஎஃப் தரமான டெக்ஸ்ரான் 6 அதற்கு முந்தைய டெக்ஸ்ரான் 3-ஐவிட மெல்லியது. பெயரில் மூன்று எண் வித்தியாசம்தானே என்று பழையதைப் புதிய கியர்பாக்ஸில் ஊற்றினால் கியர் மாறும் விதமே மாறிவிடும்.

என் வழக்கம் இதுதான். டெக்ஸ்ரான் 6, ஃபோர்டின் மெர்கான் எல்வி போன்றவற்றுக்கு கார் கம்பெனியே வெளி நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கிறது. டப்பாவில் உரிம எண் இருந்தால் வாங்குவேன். இசட்எஃப் தன் அங்கீகாரப் பட்டியலை வெளியிடுகிறது. அதில் இருந்தால் வாங்குவேன். டபிள்யூஎஸ் மாதிரிப் பெயர் மட்டும் இருக்கும் இடத்தில், வாரண்டி இருக்கும் வரை கம்பெனி டப்பாதான். வாரண்டி முடிந்த பிறகு, அந்த ஒரு பெயருக்காகவே தயாரித்த ஏடிஎஃப்-ஐ, கியர்பாக்ஸ் கம்பெனிகளுக்குச் சப்ளை செய்யும் நிறுவனத்திடமிருந்து என்றால் வாங்குவேன். ‘எல்லாவற்றுக்கும்’ என்று எழுதியதை வாங்க மாட்டேன்.

இன்னொன்று, அளவு. பல புதிய கியர்பாக்ஸ்களில் டிப் ஸ்டிக்கே கிடையாது. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் 40 டிகிரி அளவுக்கு வந்ததும் ஒரு போல்ட்டைக் கழற்றி, வழியும் வரை நிரப்புவது முறை. சரியான வெப்பநிலை மாடலுக்கு மாடல் மாறும். ஆயில் கொதித்துக்கொண்டிருக்கும்போது இதைச் செய்தால், விரிந்த ஆயிலை வைத்து நிறைந்துவிட்டது என்று நினைப்போம். ஆறிய பிறகு அளவு குறைந்திருக்கும். விலையுயர்ந்த கம்பெனி ஆயில் ஊற்றியும் கியர் உதைக்கிறது என்று சொல்பவர்கள் முதலில் இதைக் கேட்க வேண்டும்.

சிவிடி கார்: கிளம்பும்போது உதறல், மிதித்தால் சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

இங்கே என் பதில் மாறாது. கம்பெனி ஆயில் மட்டும். சிவிடி என்பது வேக விகிதத்தைப் படிப்படியாக அல்லாமல் தொடர்ச்சியாக மாற்றும் கியர்பாக்ஸ்; அந்த மாற்றத்தைச் செய்வது கியர் பற்கள் அல்ல. ஒரு எஃகு பெல்ட் இரண்டு எஃகுக் கப்பிகளுக்கு நடுவே நசுங்கி நின்று முழு விசையையும் கடத்துகிறது. எஃகும் எஃகும் வழுக்காமல் பிடித்துக்கொள்ளவும் வேண்டும், அதே நேரம் தேயாமலும் இருக்க வேண்டும். இந்த முரணான வேலையைச் செய்வது ஆயில். சாதாரண ஏடிஎஃப்-ஐ இதில் ஊற்றினால் பெல்ட் வழுக்கும். கப்பியின் முகத்தில் கீறல் விழும். கீறல் விழுந்த பிறகு சரியான ஆயிலை ஊற்றினாலும் பழைய நிலை திரும்பாது.

தவறான ஆயில் ஊற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால், சோதித்துப் பார்க்கலாம் என்று ஓட்டாதீர்கள். வடித்து, சரியானதை நிரப்பி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி வடித்து நிரப்ப வேண்டும். ஒரு முறை வடித்தால் உள்ளே இருப்பதில் ஒரு பகுதிதான் வெளியே வரும்.

மேனுவல் கியர்: விழ மறுக்கிறது, உரசுகிறது

குளிரில் கடினமாக இருந்து, சூடானதும் சரியானால் ஆயில் தடிமன் அதிகம். சூடான பிறகும் இரண்டாம் கியரோ மூன்றாம் கியரோ ‘கிரக்’ என்றால், கிளட்ச் முழுமையாக விடுகிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியென்றால், உள்ளே இருக்கும் கியர் ஆயிலின் தர வகை ஜிஎல்-4 ஆ, ஜிஎல்-5 ஆ என்று கேளுங்கள்.

இதை நான் அனுபவித்திருக்கிறேன். கியர் ஆயில் மாற்றி வந்த இரண்டாவது வாரம், நன்றாக இருந்த இரண்டாம் கியர் உரச ஆரம்பித்தது. ‘ஐந்து நான்கைவிடப் பெரியது, நல்ல ஆயில்தான் போட்டோம்’ என்றார்கள். பிரச்சினையே அந்த ஐந்துதான். ஜிஎல்-5 ஆயிலில், அதிக அழுத்தம் தாங்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் ஜிஎல்-4-ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பின் ஆக்சிலில் இருக்கும் டிஃபரன்ஷியலுக்கு அது தேவை. ஆனால் கியர்பாக்ஸில் இருக்கும் பித்தளை சிங்க்ரோ வளையம் கியரை உரசிப் பிடித்துத்தான் வேகத்தைச் சமன் செய்கிறது. அவ்வளவு வழுக்கலில் அதற்குப் பிடி கிடைக்காது. நாளாக நாளாகச் சில ஜிஎல்-5 ஆயில்கள் பித்தளையை அரிக்கவும் செய்யும். வடித்து ஜிஎல்-4 ஊற்றிய பிறகு உரசல் போய்விட்டது. அந்தக் கியருக்கு நிரந்தரச் சேதம் ஆகும் முன் கவனித்ததில் எனக்கு இன்றும் நிம்மதி. ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டும் ஏணியின் அடுத்தடுத்த படிகள் அல்ல, வேறு வேறு வேலைக்கானவை.

கியர் ஆயில் எண்ணைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். 75டபிள்யூ-90 கியர் ஆயில் இஞ்சின் ஆயிலைவிடப் பல மடங்கு தடிமன் போலத் தோன்றும். இரண்டுக்கும் அளவுகோல் வேறு. சூட்டில் அது ஏறக்குறைய ஒரு 40 அல்லது 50 இஞ்சின் ஆயிலின் தடிமன்தான்.

பிரேக் பெடல் பஞ்சு போல இறங்குகிறது

நீண்ட இறக்கத்துக்குப் பிறகு மட்டும் இறங்கினால், பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவி உண்டாகியிருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3-க்கு இதே எண்கள் 205, 140, டாட் 5.1-க்கு 260, 180. ஆகவே இங்கே பெயரைவிட வயது முக்கியம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிய வெளி டாட் 4, ஆறு ஆண்டாக உள்ளேயே கிடக்கும் கம்பெனி ஆயிலைவிட ஆயிரம் மடங்கு நம்பத்தக்கது. போன வருடம் திறந்து மிச்சம் வைத்த பாட்டிலை ஊற்றாதீர்கள்.

டாட் 5-ஐயும் டாட் 5.1-ஐயும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 5.1, டாட் 3, டாட் 4-இன் குடும்பம். 5 என்பது சிலிகான், மற்றவற்றோடு சேராது. சில புதிய கார்களில், வண்டி வழுக்கித் திரும்பாமல் காக்கும் ஈஎஸ்பி அமைப்பின் பம்ப் வேகமாக வேலை செய்யக் குளிரில் மெல்லியதாக ஓடும் டாட் 4 கேட்பார்கள். டப்பாவில் ‘ஐஎஸ்ஓ 4925 கிளாஸ் 6’ என்று இருக்கும். கையேட்டில் அது இருந்தால் சாதாரண டாட் 4 போதாது. ஆனால் கிளாஸ் 6 யார் தயாரித்தாலும் சரி.

பெடல் கல் போல இறுகி, பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு, ஆயில் தொட்டியின் மூடி ரப்பர் உப்பியிருந்தால் அது வேறு கதை. யாரோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ இஞ்சின் ஆயிலையோ அதில் ஊற்றியிருக்கிறார்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வைத்து, தொட்டியிலிருந்து சில சொட்டு விடுங்கள். பிரேக் ஆயில் கரையும். பெட்ரோலிய ஆயில் மேலே மிதக்கும். மிதந்தால் காரை ஓட்டவே கூடாது. வெறுமனே ஆயில் மாற்றினால் போதாது. உள்ளே இருக்கும் ரப்பர் பாகங்கள் அனைத்தும் மாற வேண்டும்.

கூலன்ட் தொட்டியில் பழுப்புச் சேறு, வண்டி சூடேறுகிறது

சூடான இஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் தவறில்லை. நின்றால் சூடேறி, ஓடினால் தணிந்தால் ஃபேனைப் பாருங்கள். ஓடும்போது சூடேறினால் ஓட்டம் தடைபட்டிருக்கிறது: அளவு, தெர்மோஸ்டாட், அடைந்த ரேடியேட்டர். ஹீட்டரும் சூடாக வரவில்லை என்றால் சேறோ காற்றோ உள்ளே சிக்கியிருக்கலாம்.

சேறு வருவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று, நிறத்தை நம்பிக் கலப்பது. கூலன்டின் நிறத்துக்கு எந்தப் பொது விதியும் இல்லை. அது வெறும் சாயம். உள்ளே இருக்கும், உறையாமல் காக்கும் கிளைக்கால் என்ற திரவம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றே. வேறுபடுவது துருவைத் தடுக்கும் சேர்மங்கள். ஐரோப்பியக் கம்பெனிகள் பல, கடினத் தண்ணீரோடு சேர்ந்து படிவு உண்டாக்கும் என்று பாஸ்பேட்டை ஒதுக்கின. ஜப்பானியக் கம்பெனிகள் தண்ணீர் பம்ப் சீலைத் தேய்க்கும் என்று சிலிக்கேட்டை ஒதுக்கி, பாஸ்பேட்டை வைத்துக்கொண்டன. இரண்டும் இளஞ்சிவப்பாக இருக்கலாம். கலந்தால் சேறு வராவிட்டாலும் பாதுகாப்புக் காலம் குறையும்.

ஆகவே வாங்கும்போது ‘சிவப்பு’ என்று கேட்காமல் கையேட்டின் எண்ணையோ வகையையோ கேளுங்கள். அது டப்பாவில் இருந்தால் வெளி கூலன்ட் போதும். என்ன இருக்கிறது என்றே தெரியாத பழைய காரில் மட்டும், முழுவதும் வடித்து, தெளிவாக வரும் வரை அலசி, ஒரே வகையை நிரப்புங்கள். கலக்கும் தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும். பாதிக்குப் பாதி போதும். தண்ணீர் சேர்க்காத கூலன்ட் வெப்பத்தைக் குறைவாகத்தான் கடத்தும்.

ஸ்டீயரிங் திருப்பினால் முனகல்

எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் என்றால் ஆயிலே இல்லை. ஹைட்ராலிக் என்றால் அளவும் நுரையும் பாருங்கள். நுரை இருந்தால் காற்று புகுகிறது. சில கார் டெக்ஸ்ரான் கேட்கும், சில பச்சை நிற சிஎச்எஃப் கேட்கும், ஹோண்டா தனக்கென்று ஒன்று கேட்கும். மூடியிலேயே எழுதியிருக்கும்.

டீசல் காரில் ஆட்புளூ எச்சரிக்கை

புகையைச் சுத்தம் செய்யத் தனித் தொட்டியில் ஊற்றும் இந்தத் திரவத்தில் கம்பெனி டப்பாவுக்காகக் கூடுதலாகச் செலவழிக்க எந்தக் காரணமும் இல்லை. 32.5 சதவீத யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். ஐஎஸ்ஓ 22241 என்ற தரம். அந்த எண்ணும் காலாவதித் தேதியும் சரியாக இருந்தால் போதும். வீட்டில் உர யூரியாவைக் கரைத்து ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் இருக்கும் மற்ற பொருட்கள் புகைக்குழாயின் வினையூக்கியைக் கெடுக்கும். தவறுதலாக டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே வேண்டாம். டேங்கைக் காலி செய்தால் பிழைக்கும். பம்ப் ஓடிவிட்டால் செலவு பல மடங்கு.

ஹைபிரிட் கார்: ஏசி கேஸ் நிரப்பிய பிறகு மின்காப்பு எச்சரிக்கை

பலரும் எதிர்பார்க்காத இடம் இது. ஹைபிரிட், மின்சார கார்களில் ஏசி கம்ப்ரசரின் மோட்டார் உயர் மின்னழுத்தத்தில், ஆயிலில் நனைந்தபடியே ஓடுகிறது. அதற்கு மின்சாரத்தைக் கடத்தாத பிஓஇ ஆயில் வேண்டும். சாதாரண கார்களுக்கான பிஏஜி ஆயில் கொஞ்சம் கலந்தாலும் மின்காப்பு குறைந்து எச்சரிக்கை வரும். கேஸ் நிரப்பும் இயந்திரத்தின் குழாயில் ஒட்டியிருக்கும் மிச்சம்கூடப் பிரச்சினை செய்யலாம். நிரப்புவதற்கு முன் ‘இது ஹைபிரிட், என்ன ஆயில் போடுகிறீர்கள்’ என்று கேளுங்கள்.

எண்கள் எல்லாம் சரி, ஆனாலும் கார் சரியில்லை

டப்பா போலியாக இருக்கலாம். பெயர் பெற்ற கம்பெனி டப்பாக்களைத்தான் போலி செய்வார்கள், யாருக்கும் தெரியாத பெயரை யாரும் போலி செய்ய மாட்டார்கள். ஆகவே ‘கம்பெனி பெயர் இருக்கிறது’ என்பது மட்டும் பாதுகாப்பு அல்ல. மூடி வளையம் உடையாமல் இருக்கிறதா, டப்பாவின் உடலில் அச்சிட்ட பேட்ச் எண் அழிக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கியூஆர் குறியீடு இருந்தால் அது கம்பெனியின் சொந்தத் தளத்துக்குத்தான் போகிறதா என்றும் பாருங்கள். சர்வீஸில் ஊற்றச் சொன்னால் திறக்காத டப்பாவை உங்கள் முன் திறக்கச் சொல்லலாம், அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

வாரண்டியில் இருக்கும் காருக்கு வெளி ஆயில் போட்டால், ஒவ்வொரு முறையும் டப்பாவின் பின்பக்கத்தைப் படமெடுத்து, பில்லோடு, கிலோமீட்டர் எண்ணோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நான் பானெட்டின் உள்பக்கம் ஒரு சிறிய அட்டை ஒட்டியிருக்கிறேன். இஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், கூலன்ட் ஒவ்வொன்றுக்கும் கையேடு கேட்கும் எண், கடைசியாக ஊற்றியது, தேதி. வேறு மெக்கானிக்கிடம் போனாலும், நான் இல்லாதபோது வீட்டில் யாராவது கொண்டுபோய் விட்டாலும், முதலில் கண்ணில் படுவது அந்த அட்டைதான்.